மஞ்சள் ஏறிய வெள்ளை

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணா,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணிக்கு இருமல் என்று எழுதியிருந்தாயே, விட்டதா?

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சல் மட்டும்தான். வருகிற ஜூலையில் இங்குள்ள ஓவியக் கூடத்தில் என் படங்களை மாட்டப் போகிறார்கள். அதற்காகக் கூடத்தின் நிர்வாகி என் அறைக்கு வந்தார். கொடியில் காயும் துணி, பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சு, பள்ளிக்கூட நடைவழி, கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள், அவற்றின் மேல் விழுகிற வெயில். இவ்வளவையும் பார்த்துவிட்டு, "எல்லாம் வீட்டுச் சாமானாவே இருக்கே மேடம், ஒரு குதிரை, ஒரு அருவி, அப்படி ஒண்ணும் இல்லையா?" என்றார். "என் தெருவுல வெயில் ஸ்கூட்டர் மேலதான் சார் விழுது. குதிரை மேல விழுந்தா சொல்லி அனுப்பறேன்" என்றேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்து, மிச்ச நேரத்தில் வெயிலுக்குப் பின்னால் ஓடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது?

ஆனால் அவரே கடைசியில் என் ஓவியம் ஒன்றின் சின்னப் போட்டோவைப் பார்த்துப் பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா முன்னறை ஜன்னலோரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற படம். போன முறை வந்தபோது விடுமுறை முழுக்க வரைந்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் நானே மாட்டிவிட்டு வந்தேனே, அதுதான். "இது எங்க இருக்கு? இதைத்தான் நடுச்சுவர்ல மாட்டணும்" என்கிறார். உடனே அனுப்பிவை. முகப்பில் எதுவும் படக்கூடாது. பழைய போர்வையில் சுற்றி, பலகைப் பெட்டியில் வை.

இன்னொன்று. உன் கடிதங்களின் அடியில் அம்மா எப்போதும் இரண்டு வரி எழுதுவாள். கொஞ்ச நாளாக அது இல்லை. என் மேல் கோபமா என்று கேட்டு எழுது.

எல்லோருக்கும் என் அன்பு,
உன் தங்கை


பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

இங்கு யாவரும் நலம். அண்ணிக்கு இருமல் விட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, டர்பன்டைன் வாடையில் கதவை அடைத்துக்கொண்டு கிடக்காதே.

கண்காட்சி என்று கேட்டு எல்லோருக்கும் மகிழ்ச்சி. படத்தை அனுப்புவதைப் பார்க்கலாம். விளக்குக் கடையை இடம் மாற்றியதில் ஒரே அலைச்சல். சீசன் வேறு. எல்லோரும் இப்போதுதான் பழைய பல்பைக் கழற்றிவிட்டு ட்யூப்லைட் போட வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள்.

அம்மாவுக்கு உன் மேல் கோபமெல்லாம் இல்லை. கண் கொஞ்சம் மங்கல். வயசாகிறது இல்லையா. அதனால் எழுதுவதில்லை. மற்றபடி சௌக்கியம்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

நலம். உங்கள் நலமும் தெரிந்தது, அம்மாவின் கண்ணைத் தவிர. கண் மங்கல் என்று ஒரு வரியில் எழுதினால் போதுமா? கண் டாக்டரிடம் காட்டினாயா? போன தடவை நான் பார்த்தபோது கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணா மங்கும்? கடையை எங்கே மாற்றினாய் என்றும் நீ எழுதவில்லை.

"பார்க்கலாம்" என்ற சொல்லை உன்னிடம் சின்ன வயசிலிருந்து கேட்டுவருகிறேன். அந்தச் சொல்லுக்குப் பிறகு நீ எதையும் பார்த்ததில்லை. அது எனக்கு எப்படிப்பட்ட படம் என்று உனக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன்.

காலையில் வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து அம்மா மடியில் கிடக்கிற வெள்ளைத் துணியில் விழும். கொஞ்ச நேரம்தான். பிறகு தரைக்கு இறங்கிவிடும். இறங்கியதும் நான் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவேன். அதற்குமேல் நினைவில் இருந்து வரைந்தால் அது பொய். மறுநாள் அதே நேரம், அதே துணி, அதே மடிப்பு. வானம் மூடியிருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. துணிக்காரர் சட்டை கேட்டு வந்தபோது அம்மா, "உங்க சட்டை படத்துல இருக்கு, வேணும்னா வந்து பாத்துட்டுப் போங்க" என்று திருப்பி அனுப்பினாள். என்னிடம், "நீ இந்தத் துணியைப் பாத்துக்கிட்டிருக்கிற நேரத்துக்கு நான் நாலு சட்டை தைச்சிருப்பேன்" என்றாள்.

வெள்ளைத் துணியில் வெள்ளை எங்கே இருக்கிறது? நிழல் பக்கம் நீலம். மடிப்புக்குள் பக்கத்தில் கிடந்த சிவப்புத் துண்டின் சாயல். அடியில் தரையின் பழுப்பு. வெயில் நேராக அடிக்கிற ஒரு ஓரம் மட்டும்தான் வெள்ளை. நிழலை மெல்லிசாகத் தேய்த்து, அந்த ஓரத்தைக் கத்தியால் கனமாக அப்பினேன். ஒரு பூச்சு காயக் காத்திருந்து அடுத்த பூச்சு. கடைசி நாளில் அந்த ஓரம் சரியாக வந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. அம்மா எழுந்து வந்து பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

அதைத்தான் கேட்கிறேன். அனுப்பு.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் முத்தங்கள். உனக்குப் படம் வந்த பிறகு.
தங்கை


ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம், உன் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்.

பெட்டி செய்கிற தச்சர் வெளியூர் போயிருக்கிறார். மழை வேறு வரும்போல் இருக்கிறது, படம் நனைந்தால் என்ன செய்வது? நீ காலேஜில் படிக்கிறபோது வரைந்த படகுப் படம் ஒன்று எங்கள் அறையில் இருக்கிறது. எல்லோரும் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். அதை வேண்டுமானால் உடனே அனுப்புகிறேன். நிர்வாகிக்கும் அது பிடிக்கும்.

அம்மாவுக்கு அந்தத் தையல் படத்தின் மேல் ரொம்பப் பாசம். கொஞ்ச நாள் இருக்கட்டுமே. கண் டாக்டரிடம் அடுத்த மாதம் கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நலமாகத்தான் இருப்பீர்கள்.

தச்சர் ஊரில் இல்லையாம், மழை வருமாம், படகு நன்றாயிருக்கிறதாம். யார் காதில் பூச்சுற்றுகிறாய்? அந்தப் படகை நான் ஒரு காலண்டரைப் பார்த்து வரைந்தேன். அதில் தண்ணீரும் பொய், வெயிலும் பொய். அதை மாட்டினால் என் பெயரை எடுத்துவிட்டு அச்சகத்துக்காரர் பெயரைத்தான் போட வேண்டும்.

அம்மாவுக்குப் பாசம் என்றால் அம்மாவே எழுதட்டும், "தரமாட்டேன்" என்று ஒரு வார்த்தை. நான் அதன்பின் கேட்கமாட்டேன். நடுவில் நீ நின்றுகொண்டு பூசி மெழுகாதே.

தங்கை


மே 2

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். படத்தை இன்று பார்சலில் ஏற்றிவிட்டேன். நீ சொன்னபடி போர்வை சுற்றி, பலகைப் பெட்டியில்.

அம்மா சம்மதித்துவிட்டாள். "அவ கேட்டா குடுத்துடு" என்று சொல்லிவிட்டாள். அவளேதான் ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். உன் கண்காட்சி நன்றாக நடக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னாள்.

இனியாவது கோபத்தைக் குறைத்துக்கொள். உடம்புக்கு நல்லதில்லை.

அண்ணன்


மே 11

அண்ணா,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

பெட்டியைத் திறந்தேன். வெயில் ஓரம், நான் கத்தியால் அப்பிய அந்த வெள்ளை, வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது. நிழலின் நீலம் பாசி பிடித்தாற்போல் பச்சையாகிவிட்டது. அம்மாவின் முகம் காமாலை கண்ட முகம். காலை நேரத்தை வரைந்தேன், யாரோ அதன்மேல் ஒரு அழுக்குச் சாயங்காலத்தைக் கவிழ்த்திருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

சமையலறைப் புகை என்று நீ எழுதுவதற்குமுன் சொல்லிவிடுகிறேன். ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தேன், பஞ்சில் ஒன்றும் ஒட்டவில்லை. மஞ்சள் மேலே இல்லை, எண்ணெய்க்குள்ளே இருக்கிறது. நான் வண்ணம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் ஒரு விஷயத்துக்குத்தான் இப்படி மஞ்சளாகும். இருட்டுக்கு. உன் பழைய கடையில் அலமாரியை நகர்த்தியபோது பின்னால் இருந்த வெள்ளைக் கதவு மஞ்சளாகக் கிடந்ததே, நீயே கூப்பிட்டுக் காட்டினாயே, அதேதான். நான் மாட்டிவிட்டு வந்த சுவரில் பகல் முழுக்க வெளிச்சம் அடிக்கும். அங்கே இருந்திருந்தால் இது நூறு வருஷமானாலும் இப்படி ஆகியிருக்காது.

எந்தப் பொந்தில் போட்டு வைத்திருந்தாய் என்று உன்னைத் திட்டித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். ஏனென்றால் படத்தைத் திருப்பிப் பார்த்தபோது, சட்டத்தின் கீழ்க்கட்டையைச் சுற்றி மடித்த கான்வாஸில் ஊசிகள் குத்தியிருந்தன. அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில்தான் ஊசி குத்துவாள். தோளில், திரைச்சீலையில், ஒருமுறை அப்பாவின் தலையணையில். ஆக, படம் அம்மாவின் கைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கியிருக்கிறது. அம்மாவின் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அந்த ஊசிகள் ஒன்றிலும் நூல் இல்லை. அம்மா நூலோடுதான் ஊசியைக் குத்துவாள், தொலைந்தால் நூலைப் பார்த்துத் தேடலாம் என்று. நம் இரண்டு பேரையும் அதற்காக அடித்திருக்கிறாள்.

படம் இருட்டில் இருந்தது, ஊசியில் நூல் கோக்க முடியாத இருட்டு. படம் அம்மா பக்கத்தில் இருந்தது. எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது, ஆனாலும் இது வருகிறது. அம்மாவை எங்கே வைத்திருக்கிறாய்?

தங்கை


மே 23

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். பழைய கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கவில்லை. முன்னறை ஜன்னலை இடித்து ஷட்டர் போட்டு, கடையை அங்கே கொண்டுவந்துவிட்டேன். அம்மாவைப் பின்னால் சாமான் அறைக்கு மாற்றினேன். அதற்கு ஜன்னல் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் புது ஃபேன் போட்டிருக்கிறேன். கடையில் இருப்பதிலேயே விலை கூடின ட்யூப்லைட்டை மாட்டியிருக்கிறேன், ஒன்றல்ல, இரண்டு. அம்மாதான் போடுவதில்லை. "அது வெளிச்சமில்லடா, இரைச்சல்" என்று அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதற்கு நான் என்ன செய்ய?

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு எழுதுகிறாய். இங்கே அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைப்பது அண்ணி. முதுகு பிடித்தால் தூக்கி உட்கார வைப்பது நான். நீ எப்போதாவது ஒரு விடுமுறையில் வந்து, அம்மா மேல் விழுகிற வெயிலை வரைந்துவிட்டுப் போகிறாய். வெயிலை வரைவது சுலபம். வீட்டை நடத்துகிறவன் எங்கே ஷட்டர் போடுவது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கும் உறுத்தாமல் இல்லை. அறை மாற்றிய அன்று அம்மா வேறொன்றும் கேட்கவில்லை. அந்தப் படத்தை மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னாள். கதவிடுக்கில் வருகிற வெளிச்சத்தில் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நீ கேட்டு எழுதியதைச் சொன்னபோது, "இந்த ரூம்ல இருக்கிற ஒரே ஜன்னல் அதுதான். அதையும் கேக்கிறாளா?" என்றாள். இதை நான் உனக்கு எப்படி எழுதுவேன்? அதனால்தான் தச்சர், மழை, படகு எல்லாம்.

கண் உண்மையாகவே மங்கல் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன்


மே 30

அண்ணா,

இந்த உறையில் அம்மாவுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. யாரும் படித்துக் காட்ட வேண்டாம். காலையில் வாசலில் நாற்காலி போட்டு, அம்மாவை உட்கார வைத்து, கையில் கொடு. கண் மங்கலா இல்லையா என்று உனக்கே தெரியும்.

நீ செய்கிறதையெல்லாம் நான் செய்யவில்லை என்பது உண்மை. அதற்காக ஊருக்கெல்லாம் விளக்கு விற்கிற வீட்டில் பெற்றவளை இருட்டில் வைப்பது சரியாகிவிடாது. அந்த வீட்டைக் கட்டிய செங்கல்லில் பாதி அவள் தைத்த சட்டை.

*

அன்புள்ள அம்மா,

முதுகு பிடித்தால் தூக்கி உட்கார வைப்பது தான்தான் என்று அண்ணா எழுதியிருந்தான், வலி எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? நான் நன்றாக இல்லை. உன் ஜன்னலைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று தெரிந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஏன் எனக்கு ஒரு வரி எழுதவில்லை நீ? அண்ணாவிடம் ஏன் ஒரு சத்தம் போடவில்லை? எங்களை அடி பின்னியவள்தானே?

படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இருட்டில் ஏறிய மஞ்சளை வெயில்தான் எடுக்கும், வேறு மருந்து கிடையாது. என் ஜன்னலில் சாய்த்து வைத்திருக்கிறேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கிறது. முதலில் உன் மடித்துணி தெளிந்தது. இப்போது முகம் தெளிகிறது.

ஜூன் கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் விடுமுறை வாங்கியிருக்கிறேன். மிஷினோடு உன்னைக் கூட்டிவர வருகிறேன். என் அறை சின்னதுதான், ஆனால் காலை முழுக்க வெயில். தயாராக இரு.

உன் மகள்


ஜூன் 8

தங்கைக்கு,

நலமா? நாங்கள் நலமா என்று கேட்காதே.

அம்மாவுக்கு அப்படி என்னதான் எழுதினாய்? சொன்னபடி வாசலில் நாற்காலி போட்டேன். கடிதத்தை அவளே படித்தாள், கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. படித்து முடித்து மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு உள்ளே போனாள். சாமான் அறையில் ஏதோ இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தையல் மிஷினை ஒரு ஆளாகத் தள்ளிக்கொண்டு வருகிறாள். "முதுகு பிடிச்சுக்கும்மா" என்றேன். "பிடிச்சா நீதானே தூக்கி உக்கார வைப்பே, எழுதியிருக்கியாமே" என்றாள். உன்னிடம் ஒன்றும் எழுதக்கூடாது போல.

கடைக்குள் வந்து, ஷட்டருக்கு நேரே, நான் அலங்கார விளக்குகள் அடுக்கியிருந்த இடத்தைக் காலி பண்ணச் சொல்லி மிஷினைப் போட்டுக்கொண்டாள். ஜன்னல் இருந்த அதே இடம். "வாடிக்கை வர்ற வழிம்மா" என்றேன். "எனக்கும்தான் வாடிக்கை வரும்" என்றாள். இப்போது காலையில் நான் ஷட்டரைத் தூக்குவதற்குமுன் வந்து நிற்கிறாள். கொஞ்சம் தாமதமானால் கம்பியால் தட்டுகிறாள். பல்பு வாங்க வந்தவர்கள் பேன்ட்டுக்கு அடி மடிக்கக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். யாராவது "இது விளக்குக் கடையா, தையல் கடையா?" என்று கேட்டால், "என் வீடு" என்கிறாள். அண்ணி சிரிக்கிறாள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது.

சாமான் அறைச் சுவரில் ஜன்னல் வைக்கக் கொத்தனாரிடம் பேசியிருக்கிறேன். இதை நானாகத்தான் செய்கிறேன், நீ எழுதியதற்காக இல்லை.

அடியில் இடம் விடச் சொல்கிறாள். விட்டிருக்கிறேன்.

அண்ணன்

*

கண்ணு, நான் சுகம். முதுகு அப்படியேதான் இருக்கு.

மிஷினோட என்னைக் கூட்டிப்போக நீ யாரு? இது நான் தைச்சுக் கட்டின வீடு. வெயில் இங்க இருந்ததுதான், உன் அண்ணன்தான் அதை வெளியில நிறுத்திட்டான். நானும் வாயை மூடிட்டு உக்காந்திருந்தேன், அவனுக்குக் கடை போயிடுமேன்னு. படம் கைக்கு வர்றவரைக்கும் நீயும் ஒரு தடவை கேக்கலை, அம்மா எந்த ரூம்ல இருக்கேன்னு. படத்தை அனுப்புன்னுதான் கேட்டே. உங்க ரெண்டு பேரையும் இன்னும் நாலு அடி சேத்து அடிச்சிருக்கணும்.

விடுமுறைக்கு வா. சும்மா வா, பெட்டியும் பிரஷ்ஷும் இல்லாம. படத்தை நடுச்சுவர்லயே மாட்டு. கண்காட்சி முடிஞ்சதும் யாருக்காவது குடுத்துடு, இங்க அனுப்பாதே. மடியில ஒரு வெள்ளைச் சட்டை கிடக்கு, அதுல வெயில் விழுது. நூல் நானே கோத்தேன்.

அம்மா